ஜீப்பா ஜிப்ஸியா: லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?

புதுசா ஒருத்தர் வண்டி வாங்கி வந்தால் ஊரில் கேட்கிற முதல் கேள்வி என்ன? கலர் இல்லை, விலை இல்லை. "எவ்வளவு குடுக்குது?" அவ்வளவுதான். ஏர்பேக் எத்தனை என்று கேட்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கார், பைக், டிராக்டர், மினி லாரி எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். மலை ஏறுகிற நாலு வீல் டிரைவ் வண்டிகளுக்கும் இதேதான். ஆனால் அந்த வண்டிகளில் மட்டும் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஏன் கிடையாது என்பதற்கு போடிநாயக்கனூரில் ஒரு குடும்பம் போட்ட கணக்கைப் பார்த்தால் போதும்.

போடி தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். தேனி மாவட்டத்தில் மலை அடிவாரத்தில் இருக்கும் ஊர், ஏலக்காய்க்குப் பேர் போனது. மேலே போடிமெட்டு, அதைத் தாண்டினால் கேரளாவின் இடுக்கி மாவட்டம், பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் முழுக்க ஏலத்தோட்டங்கள். தினமும் விடிகாலையில் இங்கிருந்து தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேலே போகும், சாயங்காலம் இறங்கும். போடிமெட்டு ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்திலிருந்து மேட்டுக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். அதன் பிறகு தார் ரோட்டை விட்டு இறங்கினால் தோட்டத்துப் பாதை. கல், சேறு, மழைக்காலத்தில் ஓடை. அங்கே சாதாரண கார் போகாது.

கதையில் இரண்டு பேர். ஒருவர் இருபது வருஷமாக ஆள் ஏற்றும் ஜீப் டிரைவர். இன்னொருவன் அவர் மனைவியின் தம்பி. இவரை அவன் மாமா என்பான், அவனை இவர் மாப்ள என்பார். பேரெல்லாம் வேண்டாம், மாமா மாப்பிள்ளை என்றே இருக்கட்டும்.

2024 ஆகஸ்டில் மாப்பிள்ளைக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது. பூப்பாறை பக்கம் சின்னதாக ஒரு ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். வாரத்துக்கு இரண்டு தடவை மேலே போக வேண்டும். உரம், மருந்து, கேனில் டீசல் ஏற்றிப்போக வேண்டும். காய் பறித்தால் மூட்டையை இறக்க வேண்டும். கூட மூன்று ஆட்கள். இதுவரை வாடகை ஜீப்தான். வாடகையைக் கூட்டிப் பார்த்தபோது சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று தோன்றியது.

இரண்டு பழைய வண்டிகள் விலைக்கு வந்தன. ஒன்று மாருதி ஜிப்ஸி, 2007 மாடல், 1,298 சிசி பெட்ரோல், எம்பிஎஃப்ஐ எஞ்சின். 2,60,000 ரூபாய். இன்னொன்று மகிந்திரா ஜீப், 2008 மாடல், 2,523 சிசி டீசல், மாமா ஓட்டுகிற அதே எஞ்சின். 3,80,000 ரூபாய். கையில் இருந்த பணத்துக்கு ஜிப்ஸி சரியாக இருந்தது. ஜீப் என்றால் 1,20,000 குறைந்தது.

"அதுக்கென்ன, என் சங்கிலியை வச்சுக்கோ" என்றாள் அக்கா. மூன்று பவுன். அது அவளுக்குக் கல்யாணத்தில் போட்டது. அதில் கை வைப்பது இது முதல் தடவை இல்லை. மாமா ஜீப் வாங்கியபோது ஒரு முறை, பிள்ளை காலேஜ் சேர்ந்தபோது ஒரு முறை அடகுக்கடைக்குப் போய் வந்ததுதான்.

மாமாவுக்கு இதில் சந்தேகமே இல்லை. "மாப்ள, வண்டி வாங்குறது பெருசில்ல, தீனி போடுறதுதான் பெருசு. மலைக்கு டீசல்தான். பெட்ரோல் வண்டி வாங்குனா பங்க்காரனுக்குத்தான் சம்பாதிச்சுக் குடுப்ப."

சரி, மாமா சொல்வது சரியா?

பாதி சரி. டீசல் எஞ்சின் லிட்டருக்குக் கூட ஓடும் என்பது ஊர்ப்பேச்சு இல்லை, அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடச் சுமார் பத்து சதவீதத்துக்கு மேல் சக்தி அதிகம். டீசல் கனமான எண்ணெய், அவ்வளவுதான் ரகசியம். இரண்டாவது, டீசல் எஞ்சின் காற்றை 16 மடங்குக்கு மேல் அழுத்துகிறது, ஜிப்ஸி காலத்து பெட்ரோல் எஞ்சின் 9 மடங்கு சுற்றித்தான். எவ்வளவு அழுத்தி எரிக்கிறோமோ அவ்வளவு வேலை வாங்கலாம். மூன்றாவது, பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரைப் பாதி மிதித்தால் காற்று போகும் வழியும் பாதி அடைபடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற மாதிரி. டீசல் எஞ்சினில் காற்றுக்குத் தடை இல்லை, எண்ணெயின் அளவை மட்டும் கூட்டிக் குறைக்கிறார்கள். மெதுவாக, பாதி மிதியில் ஓடும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

நாலாவதுதான் மலைக்காரர்களுக்கு முக்கியம். ஜிப்ஸியின் எஞ்சின் 80 குதிரைத்திறன், ஜீப்பின் டீசல் எஞ்சின் 63 மட்டுமே. பேப்பரில் பார்த்தால் ஜிப்ஸி ஜெயிக்க வேண்டும். ஆனால் இழுவிசையைப் பாருங்கள். ஜிப்ஸி சுமார் 104 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,500 சுற்றில்தான் முழுசாகக் கிடைக்கும். ஜீப் 180க்கு மேல், 1,500 சுற்றிலேயே. அதாவது கொண்டை ஊசியில் ஜீப் மூன்றாவது கியரில் முனகிக்கொண்டே ஏறும்போது, ஜிப்ஸி இரண்டாவதில் அலறிக்கொண்டு ஏறும். அலறல் எல்லாம் பெட்ரோல்.

ஜிப்ஸி பக்கமும் நியாயம் உண்டு. அது வெறும் வண்டியாக ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஜீப் அதைவிட நாலைந்து மூட்டை ஏலக்காய் கனம் கூட. அந்தக் கனத்தையும் சேர்த்துத்தான் ஜீப் மேலே தூக்க வேண்டும்.

இப்படிப் பேசிக்கொண்டே போனால் டீக்கடையில் பொழுது போகும், முடிவு வராது. அக்காதான் வழி சொன்னாள். "ரெண்டு வண்டியையும் ஓட்டிப் பாருங்க. நான் எழுதி வைக்கிறேன்." மளிகைக் கணக்கு நோட்டு ஒன்று வீட்டில் இருந்தது. ஜிப்ஸிக்காரர் தெரிந்தவர், ஒரு வாரத்துக்கு வண்டியைக் கொடுத்தார்.

அளந்த விதம் எளிது. டேங்கை வாய் வரை நிரப்புவது, ஓட்டுவது, திரும்பி வந்து அதே பங்கில் அதே குழாயில் மறுபடி வாய் வரை நிரப்புவது. இரண்டாவது தடவை எத்தனை லிட்டர் பிடித்ததோ அதுதான் செலவு. மாமாவின் ஜீப்பில் ஓடோமீட்டர் செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது (எந்தப் பழைய ஜீப்பில்தான் அது உயிரோடு இருக்கிறது!). ஜிப்ஸியில் ஓடியது, ஆனால் கம்பெனி டயருக்குப் பதிலாகப் பெரிய டயர் மாட்டியிருந்தார்கள். டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி கூட தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. ஓடியதைவிடக் குறைத்துக் காட்டும், மைலேஜும் குறைவாகத் தெரியும். அதனால் இரண்டு வண்டிக்கும் தூரத்தை மொபைலில் ஜிபிஎஸ் வைத்தே எடுத்தார்கள்.

மூன்று விதமாக ஓட்டினார்கள். நோட்டில் இருந்த கணக்கு இது.

தேனி, பெரியகுளம் பக்கம் சம ரோடு, இரண்டு பேர், சுமை இல்லை: ஜிப்ஸி லிட்டருக்கு 12.5 கிலோமீட்டர், ஜீப் 13.5.

போடிமெட்டு மலை ரோடு, ஏறி இறங்க, நாலு பேர், 200 கிலோ சுமை: ஜிப்ஸி 9.2, ஜீப் 11.6.

தோட்டத்துப் பாதை, நாலு வீலும் போட்டு, லோ கியரில்: ஜிப்ஸி 5.8, ஜீப் 8.

கவனித்தீர்களா? சம ரோட்டில் இரண்டுக்கும் ஒரே ஒரு கிலோமீட்டர்தான் வித்தியாசம், சதவீதத்தில் 8. மலை ரோட்டில் அது 26 சதவீதம், தோட்டத்தில் 38. "ஜிப்ஸி எவ்வளவு குடுக்கும்?" என்று கேட்டால் 12.5 என்பதும் பதில், 5.8 என்பதும் பதில். இரண்டும் பொய் இல்லை. மைலேஜ் என்பது எஞ்சினுக்குள் இருக்கிற எண் இல்லை, எஞ்சினும் ரோடும் சுமையும் சேர்ந்து போடுகிற எண்.

மலை ஏறுவதற்கு எவ்வளவு எண்ணெய் ஆகும் என்று பிளஸ் டூ பிசிக்ஸ் வைத்தே தோராயமாகச் சொல்லலாம். ஆளும் சுமையுமாக 1,450 கிலோ ஜிப்ஸியை 1,000 மீட்டர் தூக்க 14 மெகாஜூல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் இருக்கிறது. ஆனால் எஞ்சின் அதில் நாலில் ஒரு பங்கை மட்டுமே சக்கரத்துக்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் கிடைப்பது 8. மீதி ரேடியேட்டரிலும் சைலன்ஸரிலும் சூடாகப் போய்விடும். ஆக, தூக்குவதற்கு மட்டும் ஒன்றே முக்கால் லிட்டர். ரோட்டில் உருளுவதற்கு ஆகிற எண்ணெய் தனி. ஜீப் 1,700 கிலோ, 17 மெகாஜூல் வேண்டும். ஆனால் டீசலில் 36 மெகாஜூல், அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் 12. சுமார் 1.4 லிட்டரில் முடிந்துவிடும். கனமான வண்டி, குறைந்த எண்ணெய்.

இன்னொரு விஷயம். பழைய கார்புரேட்டர் ஜிப்ஸிகளுக்கு இந்த மலை இன்னும் பகை. உயரம் போகப் போகக் காற்று மெலிகிறது, கார்புரேட்டருக்கு அது தெரியாது, பழைய கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றும். 1985ல் 970 சிசி எஞ்சினோடு வந்த ஜிப்ஸி, 1996ல் 1,298 சிசி ஆனது. 2000ல் எம்பிஎஃப்ஐ வந்த பிறகுதான் சென்ஸார் காற்றைப் பார்த்துப் பெட்ரோலை அளந்து விட ஆரம்பித்தது. பழைய ஜிப்ஸி வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். பேர் ஒன்றுதான், எஞ்சின் வேறு.

நியூட்ரல் விவகாரம்

இரண்டாவது சோதனையில், ஜீப்பில் இறங்கும்போது அக்கா பின் சீட்டில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஐந்தாறு வளைவு இறங்கியதும் எஞ்சின் சத்தம் அடங்கிப்போயிருப்பதைக் கவனித்தாள். எட்டிப் பார்த்தால் கியர் நியூட்ரலில் இருந்தது.

"என்னங்க இது?"

"எல்லாரும் செய்றதுதான். இறக்கத்துல எதுக்கு எண்ணெயை எரிக்கணும்?"

அக்கா பேசவில்லை. பேசத் தேவையும் இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால் இதே இறக்கத்தில், இதே நியூட்ரலில், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், மாமா வண்டியை மலைப்பக்கச் சாக்கடையில் ஏற்றித்தான் நிறுத்தினார். உள்ளே தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்கள். ஒரு அம்மாவுக்குக் கை முறிந்தது. பள்ளத்துப் பக்கம் திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு நியூட்ரல் போடுவதை விட்டுவிட்டதாக வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நோட்டில் 11.6 என்று எழுதிய அக்கா, பக்கத்திலேயே எழுதினாள்: "நாளைக்கு மறுபடி. கியரில்."

மறுநாள் அதே சுமை, அதே ஆட்கள். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அந்தக் கியர். திரும்பி வந்து டேங்க் நிரப்பினார்கள். 11.7.

மாமாவால் நம்ப முடியவில்லை. ஆனால் காரணம் எளிது. இறக்கத்தில் கியரில் இருக்கும்போது சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் டீசல் பம்பின் கவர்னர் எண்ணெயை நிறுத்திவிடும். எஞ்சின் ஒரு சொட்டு கூடக் குடிக்காமல் சுற்றும். எம்பிஎஃப்ஐ பெட்ரோலிலும் அப்படித்தான், கம்ப்யூட்டர் இஞ்செக்டரை மூடிவிடும். நியூட்ரலில் போட்டால் என்ன ஆகும்? எஞ்சின் தானாக ஓட வேண்டும், அதற்கு எண்ணெய் வேண்டும். மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு எண்ணெயையும் எரித்து, பிரேக்கையும் எரிப்பதுதான் நியூட்ரல். கார்புரேட்டர் வண்டியில்தான் கியரில் இறங்கினாலும் கொஞ்சம் பெட்ரோல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்துப் பழக்கம் எஞ்சின் மாறிய பிறகும் கைகளில் தங்கிவிட்டது. எஞ்சினையே அணைத்துவிட்டு இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள். பிரேக்குக்குத் துணை செய்யும் வேக்குவம் போய்விடும், மிதிக்க மிதிக்கக் கட்டை மாதிரி இறுகும். அது மைலேஜ் இல்லை, தற்கொலை.

இந்தச் சோதனையில் வேறு எதுவும் கண்டுபிடிக்காமல் போயிருந்தாலும் இது ஒன்றுக்கே அந்த ஒரு வாரம் தகும்.

இப்போது பணக் கணக்கு

ஒரு நடை என்றால் போய்வர மலை ரோடு 72 கிலோமீட்டர், தோட்டத்துப் பாதை 12, ஆக 84. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஜிப்ஸி மலையில் 9.2, தோட்டத்தில் 5.8, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 7.5 என்று சொல்லக் கூடாது. எந்த ரோட்டில் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து லிட்டரைக் கூட்ட வேண்டும். 72ஐ 9.2ஆல் வகுத்தால் 7.83 லிட்டர், 12ஐ 5.8ஆல் வகுத்தால் 2.07 லிட்டர், மொத்தம் 9.9 லிட்டர். ஆக உண்மையான சராசரி 8.5. ஜீப்புக்கு இதே மாதிரி 6.21, 1.5, மொத்தம் 7.71 லிட்டர்.

அந்த வாரம் அவர்கள் கணக்குக்கு எடுத்துக்கொண்ட விலை பெட்ரோல் 101, டீசல் 93 ரூபாய். (மேலே கேரளாவில் இரண்டுமே விலை கூட, அதனால் எல்லோரும் போடியிலேயே நிரப்பிக்கொண்டுதான் ஏறுவார்கள்.) ஜிப்ஸிக்கு ஒரு நடைக்கு 1,000 ரூபாய். ஜீப்புக்கு 717. வித்தியாசம் 283 ரூபாய்.

"பாத்தியா மாப்ள!" என்றார் மாமா. நோட்டில் அடுத்த வரியை இன்னும் அவர் படிக்கவில்லை.

மாமாவுக்கு மாசம் 25 நடை. 283ஐ 25ஆல் பெருக்கினால் 7,075 ரூபாய். மாப்பிள்ளைக்கு வாரம் இரண்டு, மாசம் 8 நடை. 2,264 ரூபாய். ஜீப்புக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய 1,20,000, சங்கிலியை வைத்து வாங்கும் கடன். வருஷத்துக்கு 12 சதவீதம் வட்டி என்றால் மாசம் 1,200. மாப்பிள்ளை டீசலில் மிச்சம் பிடிக்கும் 2,264ல் 1,200 வட்டிக்கே போய்விடும். மீதி 1,064. அதை மாசாமாசம் சேர்த்துவைத்து அசலை ஒரே தடவையில் அடைப்பது என்றால் 113 மாசம். ஒன்பது வருஷத்துக்கு மேல். 2008 மாடல் வண்டிக்கு!

அதே கணக்கு மாமாவுக்கு? 7,075ல் வட்டி போக 5,875. 21 மாசத்தில் சங்கிலி வீட்டுக்கு வந்துவிடும்.

ஒரே மலை, ஒரே எஞ்சின், ஒரே விலை. ஒருவருக்கு டீசல் லாபம், இன்னொருவருக்கு நஷ்டம். காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது பழகின விஷயம்தான், பிரேக் ஈவன். எண்ணெய் என்பது ஓட ஓட ஆகிற மாறும் செலவு. வண்டியின் விலையும் வட்டியும் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகிற நிலையான செலவு. மாறும் செலவைக் குறைக்க நிலையான செலவைக் கூட்டினால், அதை ஈடுகட்டும் அளவுக்கு ஓட வேண்டும். மூன்று வருஷத்தில் ஈடாக வேண்டும் என்று வைத்தால் மாசம் 16 நடை வேண்டும். அதற்கு மேல் ஓடுகிறவருக்கு டீசல், கீழே ஓடுகிறவருக்குப் பெட்ரோல். பரீட்சையில் இதையே இரண்டு மார்க்குக்கு எழுதிவிட்டு மறந்துவிடுவோம்.

அப்படியானால் மாமா இருபது வருஷமாகச் சொன்னது தப்பா? அவர் சொன்ன காலத்துக்கு அது சரி. ஜீப்பின் கதையே அதுதான். மகிந்திரா 1947ல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்ட ஆரம்பித்தபோது அவை பெட்ரோல் வண்டிகள். 1973ல் எண்ணெய் விலை ஏறிய பிறகுதான் டிராக்டர் வகை டீசல் எஞ்சின்கள் ஜீப்புக்குள் வந்தன. அரசாங்கம் டீசல் விலையைப் பிடித்து வைத்திருந்தது. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு போனது, டீசலுக்கு இருந்தது. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய் சுற்றித்தான். அந்த விலையில் இதே நடையைப் போட்டுப் பாருங்கள். ஜிப்ஸிக்கு 723 ரூபாய், ஜீப்புக்கு 316. பாதிக்கும் குறைவு! 2014 அக்டோபரில் டீசல் கட்டுப்பாடும் போனது. இடைவெளி சுருங்கி 8 ரூபாயில் வந்து நின்றது. மாமாவின் ஜீப் மாறவில்லை, மலை மாறவில்லை. விலை மாறிவிட்டது, பழமொழி மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

மற்ற யோசனைகளும் வந்தன. மெக்கானிக் ஒருவர் "ஜிப்ஸியை வாங்கு, பழைய டீசல் எஞ்சினைத் தூக்கி உள்ள வச்சுத் தர்றேன், ரெண்டும் கிடைச்ச மாதிரி" என்றார். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்சி புத்தகத்தில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது. அனுமதி இல்லாமல் செய்தால் விபத்து நடக்கிற அன்று இன்சூரன்ஸ் கம்பெனி கை விரித்துவிடும். கனமான எஞ்சின் ஜிப்ஸியின் முன் பட்டைகளை உட்கார வைத்துவிடும் என்பது வேறு.

புது ஜிம்னி? 2023 ஜூனில் வந்தது, 1,462 சிசி பெட்ரோல், மேனுவலுக்கு அராய் சோதனையில் 16.94 கிலோமீட்டர். பழைய ஜிப்ஸியோடு பார்த்தால் எஞ்சின் பெரிசு, மைலேஜும் கூட. பெட்ரோல் எஞ்சினும் இந்த வருஷங்களில் படித்து முன்னேறியிருக்கிறது என்பதற்கு அடையாளம். டீசல் ஜிம்னி இங்கே கிடையாது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்ததும் மாருதி டீசலையே விட்டுவிட்டது. ஐரோப்பாவில் பழைய ஜிம்னிக்கு ரெனோவின் 1,461 சிசி டீசல் எஞ்சின் போட்டு விற்றார்கள். அதன் கம்பெனிக் கணக்கு 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் சொச்சம், பெட்ரோலுக்கு 7 லிட்டர் சொச்சம். அதிலும் டீசல்தான் முன்னால், ஆனால் வித்தியாசம் ஒரு லிட்டர் சுற்றித்தான். எப்படி இருந்தாலும் புது வண்டி விலைக்கு அக்காவிடம் அவ்வளவு சங்கிலி இல்லை :)

செலவில் எண்ணெய் மட்டும் இல்லை என்பதையும் நோட்டில் எழுதினார்கள். டீசல் பம்ப், இஞ்செக்டர் வேலைக்குத் தேனிக்குப் போக வேண்டும், ஒரு தடவைக்கே கணிசமாக ஆகும். ஜிப்ஸிக்கு ஸ்பேர் தேட வேண்டும், 2019க்குப் பிறகு ஷோரூமில் அந்த வண்டியே இல்லை. இரண்டுமே 15 வருஷம் தாண்டியவை. 2022 ஏப்ரலுக்குப் பிறகு பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5,000 ஆகிவிட்டது. இவை இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக வந்ததால் கணக்கு மாறவில்லை.

கடைசியில் மாப்பிள்ளை ஜிப்ஸியை வாங்கினான். பெரிய டயரைக் கழற்றி விற்றுவிட்டுக் கம்பெனி அளவு டயர் போட்டான். தார் ரோட்டில் வரும்போது முன் வீல் ஹப்பை விடுவித்துவிடுகிறான், சும்மா சுற்றுகிற ஆக்சில் வீண் பெட்ரோல் என்பதால். சங்கிலி அக்கா கழுத்திலேயே இருக்கிறது.

மாமா தன் டீசல் ஜீப்பைத்தான் ஓட்டுகிறார், அதுதான் அவருக்கு லாபம் என்று நோட்டே சொல்லிவிட்டதே. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. சாயங்காலம் போடிமெட்டில் இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில் வண்டியை ஓரம் கட்டி, கியரைப் போட்டு, பின்னால் இருக்கிற பெண்களிடம் "சத்தம் வரும்மா, பயப்படாதீங்க, எஞ்சின்தான் பிடிக்குது" என்று சொல்லிவிட்டுத்தான் இறக்குகிறாராம்.

அடுத்த தடவை யாராவது ஜீப் வாங்கலாமா, ஜிப்ஸி வாங்கலாமா, எது எவ்வளவு குடுக்கும் என்று கேட்டால் உடனே எண்ணைச் சொல்லாதீர்கள். மாசம் எத்தனை நடை, எந்த ரோடு, கடன் எவ்வளவு என்று மூன்று கேள்வி திருப்பிக் கேளுங்கள். அப்புறம் ஒரு நோட்டைக் கையில் கொடுங்கள்.